கண்டத்தை ஓடியே கடப்பது: கால் மட்டும் போதுமா?

மெரினா_காலை
ரஸ் குக்கின் ஆப்பிரிக்க ஓட்டத்தைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பியது. பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மீதிப் பேர் "வேலை இல்லாதவன் வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே உருப்படியாகப் பேச முடியவில்லை, அதனால் இங்கே போடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: அவர் இங்கிலாந்தின் தென்கரையில் வொர்திங் என்ற ஊர்க்காரர். 2023 ஏப்ரல் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் அகுல்யாஸ் முனையில் கிளம்பி, 2024 ஏப்ரல் 7 அன்று துனிசியாவின் ராஸ் ஏஞ்சலா முனையில் போய் நின்றார். 352 நாள், 16 நாடு, 16,000 கிலோமீட்டருக்கு மேல். ஓய்வெடுத்த நாட்களையும் சேர்த்தே சராசரி ஒரு நாளைக்கு 46 கி.மீ. வருகிறது. நடுவில் அங்கோலாவில் துப்பாக்கி முனையில் கொள்ளை, காங்கோவில் வெட்டுக்கத்தி ஆட்களிடம் சிக்கியது, நைஜீரியாவில் முதுகுவலி, அல்ஜீரியா விசா என்று வரிசையாகத் தொல்லைகள்.

என் சந்தேகம் சின்னது. நாமெல்லாம் சென்னையில் ஒரு மாரத்தான் ஓடிவிட்டு மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திணறுகிறோம். இவர்கள் மறுநாள் காலை எப்படி எழுந்து திரும்ப ஓடுகிறார்கள்? பிறவி உடம்பா, பயிற்சியா, வேறு ஏதாவதா?

பிசியோ_நித்யா
மாடிப்படியில் திணறுவதற்குக் காரணம் தூரம் இல்லை, வேகம். பந்தயத்தில் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உடம்பில் இருப்பதையெல்லாம் வழித்துப் போட்டு ஓடுகிறோம். கண்டம் ஓடுபவர்கள் அப்படி ஓடுவதே இல்லை. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகிற வேகம்தான். நடுவில் நடப்பார்கள், உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், குட்டித் தூக்கம் போடுவார்கள். நாள் முழுக்க நேரம் இருக்கிறதே.

இதைப் பற்றி ஒரு அருமையான ஆய்வு உண்டு. 2009-ல் இத்தாலியின் பாரி நகரத்திலிருந்து நார்வேயின் நார்த் கேப் வரை ஒரு ஓட்டம் நடந்தது. 4,487 கி.மீ., 64 நாள், ஓய்வு நாளே கிடையாது. ஜெர்மனியில் உல்ம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊவே ஷுட்ஸ் குழுவினர் ஒரு எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை டிரெய்லர் லாரியில் ஏற்றிக்கொண்டு ஓட்டக்காரர்கள் கூடவே போனார்கள். 44 பேரை வழியெல்லாம் ஸ்கேன் எடுத்தார்கள். ஓட்டத்தின் முதல் 1,500-2,500 கிலோமீட்டருக்குள் முழங்கால், கணுக்கால் குருத்தெலும்பு பாதிக்கப்பட்டது தெரிந்தது. அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதற்கப்புறம் நடந்தது. ஓட்டத்தை நிறுத்தாமலே கணுக்கால், பாதக் குருத்தெலும்பு தேறி வர ஆரம்பித்தது. குருத்தெலும்பு மீள வேண்டுமானால் ஓய்வு வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

ஆனால் மூளையின் சாம்பல் நிறப் பகுதி சராசரியாக 6 சதவீதம் சுருங்கியிருந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய அளவுக்கு வந்துவிட்டது. யாரும் பயப்பட வேண்டாம். யாரும் நாளைக்கே பாரிக்கு டிக்கெட் போடவும் வேண்டாம். அவர்கள் பல வருடம் ஓடித் தேறினவர்கள்.

இப்படி நாள் கணக்கில் ஓடுபவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் முழங்கால் இல்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே முன்பக்கத்தில் ஓடும் தசைநாண்தான். அது வீங்கினால் பாதத்தைத் தூக்கவே முடியாது. தொட்டுப் பார்த்தால் உள்ளே நறநறவென்று உரசுவது விரலுக்குத் தெரியும். அதற்குச் சாலையும் ஒரு காரணம். மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுப்பகுதியை உயர்த்தி ஓரங்களைச் சரித்துப் போடுகிறார்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் பட வேண்டும் என்று எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால், ஒரு கால் மாதக் கணக்கில் பள்ளத்திலேயே ஓடுகிறது.

நெல்லை_சுப்பு
டாக்டரம்மா சொல்வதெல்லாம் சரி. நான் கேட்பது வேறு. ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் ஊர் சுற்ற யாரால் முடியும்? கூடவே வேன், கேமரா, படம் எடிட் செய்ய ஆள். அதே ஆப்பிரிக்க ரோட்டில் தலையில் குடத்தோடு தினமும் மைல் கணக்கில் நடக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை, ஸ்பான்சர் கொடுக்கவில்லை. இது வசதியான வெள்ளைக்காரப் பையன்களின் பொழுதுபோக்கு. அதைச் சாதனை என்று நாம் ஏன் தலையில் வைத்து ஆட வேண்டும்?

மெரினா_காலை
அண்ணா, அவர் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்திருக்கிறார். வீடில்லாத இளைஞர்களை ஓட வைக்கிற ஒரு அமைப்புக்கும், மேற்கு சஹாராவின் சஹ்ராவி மக்களுக்காக வேலை செய்கிற அமைப்புக்கும் போயிருக்கிறது. அவரும் பெரிய வசதிக்காரர் இல்லை. சூதாட்டம், குடி என்று சிக்கிக் கிடந்து, ஓட ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

நெல்லை_சுப்பு
கொடுத்தது நல்ல விஷயம், அதை மறுக்கவில்லை. பணம் திரட்ட 16,000 கி.மீ. ஓட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பழைய_பேப்பர்
சுப்பு அண்ணா, அமெரிக்காவை முதலில் கூட்டமாக ஓடிக் கடந்தவர்கள் பொழுதுபோக்குக்காக ஓடவில்லை. சோற்றுக்காக ஓடினார்கள்.

1928 மார்ச் 4, லாஸ் ஏஞ்சலிஸ். சி.சி. பைல் என்ற விளையாட்டு வியாபாரி, நியூயார்க் வரை ஓடுபவருக்கு 25,000 டாலர் என்று அறிவித்தார். 199 பேர் கிளம்பினார்கள். கூலிக்காரர்கள், விவசாயிகள், பழைய ஒலிம்பிக் வீரர்கள் என்று எல்லாரும் கலந்து. பாதை பெரும்பகுதி ரூட் 66. இன்று அது பாட்டு பாடிக்கொண்டு கார் ஓட்டுகிற ரோடு. அன்று பல நூறு மைல் வெறும் மண் சாலை. பைலின் திட்டம் ஓட்டம் இல்லை, வசூல். வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் "உங்கள் ஊரில் இரவு தங்குகிறோம், பணம் கொடு" என்று கேட்பது. பல ஊர்கள் கொடுக்கவில்லை. அது ஓட்டக்காரர்களின் சாப்பாட்டிலும் படுக்கையிலும் தெரிந்தது.

84 நாள், சுமார் 5,500 கி.மீ. 55 பேர்தான் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். ஜெயித்தது ஆண்டி பெய்ன், ஓக்லஹோமாவைச் சேர்ந்த 20 வயது செரோக்கி பழங்குடிப் பையன். மொத்தம் 573 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு பத்து கி.மீ. கூட இல்லை. நித்யா சொன்ன பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான். அந்தப் பணத்தில் அவர் வீட்டுப் பண்ணையின் மேலிருந்த கடனை அடைத்தார்.

அதே ஓட்டத்தில் சியாட்டிலைச் சேர்ந்த எட்டி கார்ட்னர் என்ற கறுப்பின வீரரும் இருந்தார். முன்வரிசையில் ஓடக்கூடியவர். தெற்கு மாநிலங்களுக்குள் நுழைந்ததும் மிரட்டல் ஆரம்பமானது. ஓக்லஹோமாவில் ஒருவன் கோவேறு கழுதை மேல் உட்கார்ந்து, துப்பாக்கியை இவர் முதுகுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரனை முந்திப் பார் என்று பின்னாலேயே வந்தான். கார்ட்னர் அப்படியும் நியூயார்க் வரை ஓடி முடித்தார். இதை வசதியான பையன்களின் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

மறுவருடம் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திருப்பி ஓட விட்டார் பைல். 525 மணி நேரத்துக்கு மேல் ஓடி, முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் மூன்று நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. ஜானி சாலோ ஜெயித்தார், பீட் கவூஸி இரண்டாவது. பைல் கையை விரித்துவிட்டார், அறிவித்த பரிசுப் பணம் வந்து சேரவில்லை.

நெல்லை_சுப்பு
சரி, கழுதைக்காரன் கதை என் வாயை அடைத்துவிட்டது. ஆனால் அது நூறு வருடத்துக்கு முந்தைய கதை. இன்றைக்கு?

லண்டன்_ரவி
இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை அண்ணாச்சி. டியோ காட்டோ என்று ஒருவர். உகாண்டாவில் பிறந்து லண்டனில் வாழ்பவர். ரஸ் குக் ஆப்பிரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 2023 ஜூலையில், இவர் கேப் டவுனிலிருந்து லண்டனுக்குக் கிளம்பினார். மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து நடந்து வெளியே வந்த பாதையை ஓடிக் காட்டுகிறேன், நிறவெறிக்கு எதிராக, என்பது அவர் நோக்கம். தெற்கு சூடானில் பிடித்து வாரக் கணக்கில் உள்ளே வைத்தார்கள். அது ஒரு பக்கம். ஐரோப்பாவுக்குள் வந்த பிறகு, ரோட்டில் ஓடும் கறுப்பரைப் பார்த்து, யாரோ திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்தவர் என்று போலீசுக்குப் போன் போட்டவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் மேற்கு லண்டனில் வந்து முடித்தார்.

ரஸ் குக் முடித்த அன்று தொலைக்காட்சி நேரலை. காட்டோ முடித்த அன்று செய்தி வந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. குக் மேல் தப்பு சொல்லவில்லை, அவர் ஓடியது ஓடியதுதான்.

ஸ்கார்பரோ_தயா
எங்கட பிள்ளைகள் இங்கே கனடாவில் ஒவ்வொரு செப்டம்பரும் பள்ளிக்கூடத்தில் டெரி ஃபாக்ஸ் ஓட்டம் ஓடுவார்கள். அதனால் கண்டம் ஓடுவது என்றாலே எனக்கு அவர்தான். சென்னையிலும் அந்த ஓட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள், 18 வயசு. 1980 ஏப்ரல் 12, நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் செயற்கைக் காலை அட்லாண்டிக் தண்ணீரில் நனைத்துவிட்டு மேற்கே ஓடத் தொடங்கினார். இப்போதைய ஓட்டக்காரர்கள் போடுகிற வளைந்த கார்பன் தகடு அப்போது இல்லை. நடப்பதற்குச் செய்த கால். அது முன்னே வந்து சேருமட்டும் நல்ல காலால் இரண்டு தரம் துள்ள வேண்டும். பழைய வீடியோவைப் பாருங்கோ, அந்த ஓசையே வேறு: தட் தட், பிறகு ஒரு இடைவெளி. அப்படியே 143 நாள், 5,373 கி.மீ. தண்டர் பே பக்கத்தில் நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து நிறுத்தினார். அடுத்த வருடம் ஜூனில் போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது வேனைப் பற்றி. அவருக்கு வேன் ஓட்டியது டக் ஆல்வர்ட் என்ற பள்ளிக்கால நண்பர். இரண்டு பேரும் ஒரு வேனுக்குள் சமைத்து, தூங்கி, கிழமைக் கணக்காக வேறு முகம் பார்க்காமல் இருந்து, கடைசியில் ஒருவரோடொருவர் பேசாமலே போய்விட்டார்கள். தாய் தகப்பன் ஹாலிஃபாக்ஸுக்குப் பறந்து வந்து சமாதானம் செய்ய வேண்டி வந்தது. பிறகு தம்பி டாரலையும் வேனில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மைல் ஓடிப் போய் வேனைப் பிடித்து, தண்ணீர் குடித்து, அடுத்த மைல் ஓடுகிற வாழ்க்கையில் வேனில் இருக்கிறவரோடு மனஸ்தாபம் என்றால் யோசித்துப் பாருங்கோ.

வேன்_குமார்
தயா அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஓடுபவன் இல்லை, டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். கூட்டாளி ஒருவன் சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஓடினான், நான் வண்டி ஓட்டினேன். கண்டம் இல்லைதான், ஆனால் வேன் வேலை என்ன என்று தெரிந்துகொள்ள அது போதும்.

வெளியே இருந்து பார்ப்பவர்கள் டிரைவர் ஏசியில் உட்கார்ந்து பாட்டு கேட்கிறான் என்று நினைப்பார்கள். மூன்று கி.மீ. முன்னால் போய் நிழல் தேடி நிறுத்த வேண்டும். நான்கு வழிச்சாலையில் நிழல் எங்கே இருக்கிறது? மேம்பாலத்துக்கு அடியில்தான். பாட்டிலில் உப்பு, சர்க்கரை, எலுமிச்சை கலக்க வேண்டும். போன தடவை எவ்வளவு குடித்தான், கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான், என்ன நிறம், எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். தொடை உரசிப் புண்ணான இடத்துக்குத் தேங்காய் எண்ணெய். சாக்ஸ் மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் குனிந்தால் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். விடியற்காலை தாபா நாய்கள் தனி இம்சை. அந்த இடங்களில் அவனுக்கும் நாய்க்கும் நடுவில் வண்டியை மெதுவாக ஊர விட்டுக்கொண்டு போவேன்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அவனுக்குச் சாப்பாடு என்றாலே குமட்டல் வந்துவிட்டது. பசிக்கிறது, ஆனால் வாயில் வைத்தால் இறங்கவில்லை. வாங்கி வைத்த எனர்ஜி ஜெல் அப்படியே கிடந்தது, அந்த இனிப்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு சாலையோரக் கடையில் அந்த அக்காவிடம் பழைய சோறு இருக்கிறதா என்று கேட்டு, மோர் ஊற்றி, கல் உப்பு போட்டு, கரண்டியால் மசித்து டம்ளரில் கொடுத்தேன். குடித்தான். அதற்கப்புறம் கன்னியாகுமரி வரை அதுதான் ஓடியது. அவன் கால் என்றைக்குமே நிற்கவில்லை. வயிறுதான் நின்றது.

கணக்குப்புலி
குமார் அண்ணன் நேரில் பார்த்ததற்குக் கணக்கும் இருக்கிறது.

ஒருவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 50 கி.மீ. ஓடினால் 3,250. சும்மா படுத்திருந்தாலே உடம்பு ஒரு நாளைக்கு சுமார் 1,600 எரிக்கும். மற்ற அசைவுகள் எல்லாம் சேர்த்தால் 5,000-க்கு மேல் போகும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் உடம்புக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். மாதக் கணக்கில்?

2015-ல் கலிபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் வரை 140 நாளில் சுமார் 5,000 கி.மீ. ஓடிய ஒரு குழுவை ஹெர்மன் பான்ட்சர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2019-ல் வெளிவந்தது. தொடக்க வாரத்தில் எரித்ததைவிடக் கடைசி வாரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி குறைவாக எரித்திருக்கிறார்கள். ஓடிய தூரம் குறையவில்லை, உடம்பு வேறு செலவுகளைக் குறைத்துக்கொண்டது. கடன்காரன் வந்து நிற்கிற வீட்டில் எல்லாச் செலவையும் சுருக்குகிற மாதிரி. சைக்கிள் பந்தயம், துருவப் பயணம் என்று மற்ற தகவல்களோடு சேர்த்துப் பார்த்து அவர்கள் சொன்னது: நீண்ட காலத்துக்கு மனித உடம்பு தாங்கக்கூடியது, படுத்திருக்கும்போது எரிப்பதைப் போல சுமார் இரண்டரை மடங்குதான். அதற்கு மேல் போனால் உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிக்கும். அந்த எல்லையைப் போடுவது காலோ நுரையீரலோ இல்லை, ஒரு நாளில் குடலால் எவ்வளவு சாப்பாட்டை உறிஞ்ச முடியும் என்பதுதான் என்பது அவர்கள் கருத்து.

இப்போது சாதனைகளைப் பாருங்கள். உலகத்தைச் சுற்றிய கெவின் கார் 621 நாளில் 26,232 கி.மீ. ஓடினார். நாளுக்கு 42.2, அச்சு அசல் மாரத்தான் தூரம். பாரிஸிலிருந்து டோக்கியோவுக்கு 2005-06-ல் ஓடிய பிரெஞ்சுக்காரர் செர்ஜ் ஜிரார் 260 நாளில் 19,097, நாளுக்கு 73. 2016-ல் பீட் காஸ்டெல்னிக் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு 42 நாள், ஆறரை மணி நேரம். நாளுக்கு 115-க்கு மேல். நாள் குறையக் குறைய வேகம் ஏறுகிறது, நாள் கூடக் கூட எல்லாரும் மாரத்தான் அளவுக்கு வந்து படிகிறார்கள்.

மெரினா_காலை
அட, இதுதான் நான் கேட்டதற்குப் பதில். சுப்பு அண்ணா இன்னும் இருக்கிறீர்களா?

நெல்லை_சுப்பு
இருக்கிறேன் தம்பி. பழைய சோற்றில் வந்து நின்றதில் எனக்கு மகிழ்ச்சி. அது சரி, ரஸ் குக்கை ஆப்பிரிக்காவை நெடுக ஓடிய முதல் ஆள் என்று போட்டார்களே, உண்மையா? யாரோ மறுத்ததாகப் படித்தேன்.

பழைய_பேப்பர்
மறுத்தது உலக ஓட்டக்காரர்கள் சங்கம். உலகத்தைச் சுற்றி ஓடிய கைவிரல் கணக்கு ஆட்கள் இருக்கிற சங்கம் அது. அவர்கள் சொன்னது: டென்மார்க்கின் யெஸ்பர் ஓல்சன் 2010-லேயே எகிப்தின் தாபாவிலிருந்து அகுல்யாஸ் முனை வரை 12,787 கி.மீ. ஓடி முடித்துவிட்டார். அதற்கும் முன்னால் 1998-ல் நிக்கோலஸ் போர்ன் என்ற ஆங்கிலேயர் கேப் டவுனிலிருந்து கெய்ரோ போயிருக்கிறார்.

குக் தரப்பில் வாதம் என்னவென்றால், தென்கோடி முனையிலிருந்து வடகோடி முனை வரை ஓடியவர் வேறு யாரும் இல்லை என்பது. வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் வடகோடி துனிசியாவில் இருக்கிறது. தாபா வடகிழக்கு மூலை, அதுவும் சினாயில். சினாயைப் புவியியல் புத்தகங்கள் ஆசியாவில் சேர்க்கும். ஆனால் ஓல்சன் அதற்கு முன்பே நார்வேயின் வடமுனையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார், அப்புறம் தென்னமெரிக்காவின் தெற்கிலிருந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை போய் 2012-ல்தான் நிறுத்தினார். அவருக்கு ஆப்பிரிக்கா நடுவில் வந்த ஒரு அத்தியாயம்.

என்னைக் கேட்டால் "தென்முனை முதல் வடமுனை வரை முதல் ஆள்" என்று எழுதியிருந்தால் சண்டையே வந்திருக்காது. நெடுக என்று சுருக்கியதில் வந்த வினை.

நள்ளிரவு_ஷிப்ட்
உண்மையிலேயே ஓடினார்களா என்பதை எப்படி நம்புவது? நடுவில் வேனில் ஏறிக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

பழைய_பேப்பர்
நல்ல கேள்வி. ராபர்ட் கார்சைட் என்ற ஆங்கிலேயர் 1997-ல் புதுதில்லியில் கிளம்பி 2003-ல் புதுதில்லியிலேயே முடித்தார். உலகத்தைச் சுற்றி ஓடிய முதல் ஆள் என்று 2007-ல் கின்னஸ் சான்றிதழ் கொடுத்தது. ஆனால் ஓட்டக்காரர்களில் பலர் இன்றுவரை ஏற்கவில்லை. நாட்குறிப்பில் ஒரு பகுதியைக் கற்பனையாக எழுதியதை அவரே ஒப்புக்கொண்டதுதான் காரணம்.

2016-ல் இன்னொரு சம்பவம். அமெரிக்காவைக் கடக்கும் சாதனைக்காக ஓடிக்கொண்டிருந்த ஒருவரின் வேனை, கான்சாஸில் ஒரு ஊர்க்காரர் நடுராத்திரி போய்ப் பார்த்தார். வேன் மெதுவாக ஊர்ந்து போகிறது, முன்னாலும் பின்னாலும் ஆளே இல்லை. ஓட்டக்காரர்களின் இணையக் களம் ஒன்றில் அதை எழுதினார், பிடித்துக்கொண்டது. ஸ்பான்சரே விசாரணை வைத்தது. கடிகாரத்தில் பதிவான தூரத்துக்கும் காலடி எண்ணிக்கைக்கும் பொருந்தவில்லை. உதவி பெற்றிருக்கிறார் என்று அறிக்கை சொன்னது, அவர் கடைசிவரை மறுத்தார். இப்போது குக் மாதிரி ஆட்கள் ஜிபிஎஸ், தினசரி வீடியோ என்று எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சுப்பு அண்ணனுக்குப் பிடிக்காத அந்தக் கேமராதான் சாட்சி.

விசா_கவுண்டர்
எல்லாரும் வயிற்றையும் வேனையும் பேசுகிறீர்கள், பாஸ்போர்ட்டை மறந்துவிட்டீர்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் சொல்கிறேன்.

குக் முதலில் துனிசியாவில் தொடங்கித் தெற்கே ஓடத்தான் திட்டமிட்டிருந்தார். அல்ஜீரியா விசா கிடைக்காமல் திசையையே திருப்பினார். கடைசியில் மறுபடியும் அதே அல்ஜீரியாவில் வந்து முட்டினார். மொரிட்டேனியாவிலிருந்து துனிசியா போக அதுதான் வழி. 2024 ஜனவரியில் வீடியோ போட்டுக் கெஞ்சினார், அது பரவியது, லண்டனில் உள்ள அல்ஜீரியத் தூதரகமே பதில் சொல்லி விசா கொடுத்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவருக்கே இந்த நிலை.

விமானப் பயணிக்கு நாள் தெரியும். ஓடுபவருக்கு எல்லையை எந்த வாரம் தொடுவார் என்றே தெரியாது. பல நாடுகளின் விசாவை வழங்கிய தேதியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், சொந்த நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சிலர் கேட்பார்கள். நம் பாஸ்போர்ட்டோடு 16 நாட்டு எல்லையைத் தரைவழியாகத் தாண்டுவதென்றால், ஓடுபவரைவிட அவருக்காகக் காகிதம் தூக்கிக்கொண்டு தூதரகம் தூதரகமாக அலைபவருக்குத்தான் கால் வலிக்கும். அங்கோலாக் கொள்ளையில் பாஸ்போர்ட்டும் போயிற்று, நினைவிருக்கட்டும்.

தூத்துக்குடி_மலர்
பெண்கள் யாரும் ஓடியதில்லையா? இவ்வளவு நேரம் ஆண்கள் பெயராகவே வருகிறது. அதுவும் வேன் இல்லாமல்?

லண்டன்_ரவி
இருக்கிறார் அக்கா. ரோஸி ஸ்வேல் போப். கணவர் புராஸ்டேட் புற்றுநோயில் இறந்த பிறகு, 2003 அக்டோபர் 2 அன்று, தன் 57-வது பிறந்தநாளில், வேல்ஸில் டென்பி என்ற கடற்கரை ஊரில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினார். ஐரோப்பா, ரஷ்யா, சைபீரியா, அலாஸ்கா, அமெரிக்கா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, திரும்ப வேல்ஸ். 2008 ஆகஸ்ட் 25 அன்று வீட்டுக்கு வந்தார். சுமார் 32,000 கி.மீ. வேன் கிடையாது. பெரும்பகுதி தனியாகவே. சின்ன இழுவண்டி ஒன்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டே ஓடினார், இரவில் அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார். சைபீரியக் குளிரில் கூடாரத்தைச் சுற்றி ஓநாய்கள் வந்து போனதாகச் சொல்லியிருக்கிறார். நாளுக்கு 18 கி.மீ. சுற்று, கணக்குப்புலி பட்டியலில் கடைசியில் வரும். எனக்கு முதலில் வைக்க வேண்டியவர்.

பிசியோ_நித்யா
நம் நாட்டிலேயே சூஃபியா கான் 2019-ல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு 87 நாளில் ஓடி கின்னஸில் இடம்பிடித்தார், சுமார் 4,000 கி.மீ. அவர் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். விசா வேண்டாம், ஒரே பாஷை இல்லை என்றாலும் எல்லா ஊரிலும் சோறு கிடைக்கும்.

மெரினா_காலை
உண்மையைச் சொல்லட்டுமா? இந்த இழையை ஆரம்பித்ததற்கே அதுதான் காரணம். ஸ்ரீநகர் வேண்டாம், அவ்வளவு ஆசை இல்லை. பெங்களூரிலிருந்து மும்பை வரை, அவசரமில்லாமல், நாளுக்கு 35, 40 என்று போகலாம் என்று யோசிக்கிறேன். டிசம்பரில். நித்யா, நீங்கள் ஒரு பயிற்சி அட்டவணை போட்டுத் தர முடியுமா? குமார் அண்ணா, வண்டி?

பிசியோ_நித்யா
முதலில் தொடர்ந்து ஐந்து நாள், நாளுக்கு 25 கி.மீ. ஓடிப் பாருங்கள். ஐந்தாம் நாள் மாலை கணுக்கால் மேலே விரலால் அழுத்தி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். ஷூ அரை அளவு பெரிதாக வாங்கிக்கொள்ளுங்கள், கால் வீங்கும். அட்டவணை அப்புறம்.

வேன்_குமார்
வண்டி இருக்கிறது தம்பி. டீசல், டோல் உன் கணக்கு. டிசம்பரில் சபரிமலை சவாரி இருக்கும், ஜனவரிக்குத் தள்ளு. சாப்பாட்டு விஷயத்தில் நான் சொல்வதுதான் முடிவு, அதற்கு இப்போதே சரி என்று இங்கே எழுது.

மெரினா_காலை
சரி.

நெல்லை_சுப்பு
பெல்காம் தாண்டும்போது சொல், என் மச்சான் வீடு ரோட்டோரம்தான். குளித்துவிட்டுப் போகலாம். கேமரா மட்டும் வேண்டாம்.